ஒரே களஞ்சியத்துக்கு இரண்டு கணக்கு: ஆங்குலர் எனக்கு வைத்த செலவு

வேறொருவர் ஆங்குலரில் (பிரவுசரில் ஓடும் செயலிகளை எழுத உதவும் ஒரு கட்டமைப்பு) எழுதிவிட்டுப் போன செயலி ஒன்றைப் பொறுப்பெடுக்கப் போகிறீர்கள் என்றால், இதை வாசித்துவிட்டு எடுங்கள். செயலியின் ஒரு பகுதிக்குத் தேவையான இன்னொரு பகுதியை ஆங்குலரே கொண்டுவந்து கொடுக்கும் முறைக்கு டிபெண்டென்சி இன்ஜெக்ஷன் என்று பெயர். அது என்ன என்று சொல்லித்தரும் பாடங்கள் நிறையவே கிடைக்கின்றன. அது ஒழுங்காக வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதைத்தான் அவை சொல்கின்றன. ஒரு சிவப்பு எழுத்தும் காட்டாமல் அது பிழைக்கும்போது என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளப் பேசிய கூலியில் பாதி போனது, கைக்கு வந்த இன்னொரு வேலை போனது, ஒரு பெரும்போகக் காலத்து நித்திரையும் போனது.

நான் ஆரையம்பதியில் வீட்டிலிருந்து தனியாக வேலை செய்கிறவள். கொழும்பில் சில வருடங்கள் கம்பனி வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் சுகவீனத்தோடு ஊருக்குத் திரும்பினேன். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கடைகள், ஆலைகள், தங்குமிடங்கள் என்று சின்னச் சின்ன வேலைகள் கிடைக்கும். எல்லாம் தெரிந்தவர் சொல்லி வரும் வேலைகள். ஒன்று கெட்டால் அந்தக் கதை காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிடும். அப்படி ஒருவர் சொல்லித்தான் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையின் வேலை வந்தது. முன்பு ஒரு நிறுவனம் அவர்களுக்கு ஆங்குலர் 8-இல் செயலி ஒன்று செய்து கொடுத்திருந்தது. நெல் வரவு, அரிசி இருப்பு, ஓடர், பில், மாத அறிக்கை எல்லாம் அதற்குள்தான். அந்த நிறுவனம் இப்போது போன் எடுப்பதில்லையாம். ஆலை முதலாளி ஹாஜியார் என்னிடம் கேட்டது இரண்டே விஷயம். "தங்கச்சி, இது கொஞ்சம் கெதியா ஓடணும். மற்றது, கடன்காரர்ட கணக்குக்குப் புதுசா ஒரு பக்கம் வேணும்." ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குப் பேசி, பாதியை முற்பணமாகத் தந்தார்.

நிரல் கோடைத் திறந்து பார்த்தேன். மோசமில்லை. பெயர்கள் ஒழுங்காக இருந்தன, கோப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன, விற்பனைப் பக்கமும் அறிக்கைப் பக்கமும் தேவைப்படும்போது மட்டும் இறங்கும்படி லேசி லோடிங்கில் போடப்பட்டிருந்தன. இரண்டு இடங்கள் மட்டும் வினோதமாகப் பட்டன. களஞ்சியப் பக்கத்தில் எதைச் சேமித்தாலும், சேமித்து முடிந்த கையோடு முழுப் பக்கமும் ரீலோட் ஆகும்படி ஒரு வரி. ஒற்றைப் பக்கச் செயலி என்று எழுதிவிட்டு ஏன் ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து ஏற்ற வேண்டும்? மற்றது, அறிக்கைப் பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு அழைப்புக்கும் லொகின் டோக்கனை (உள்ளே வந்தவர் யார் என்று சேர்வருக்குக் காட்டும் சீட்டு) கையால் ஒட்டியிருந்தார்கள். மற்ற எல்லா இடத்திலும் அந்த வேலையை, சேர்வருக்குப் போகும் அழைப்புகளை வழியில் மறிக்கும் ஒரு இன்டர்செப்டர் தானாகவே பார்த்துக்கொள்கிறது. முன்னைய ஆள் அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நினைத்து அப்பால் போனேன். உங்களுக்குச் சொல்வது இதுதான்: பழைய கோடில் இப்படிக் காரணமில்லாத ஒட்டு வேலையைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள். ஒருவர் எதையோ கண்டு, விளங்காமல், மேலே பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார். பிளாஸ்டரைக் கழற்றுவதற்கு முன் புண் எங்கே என்று பாருங்கள்.

செயலி சுணங்குவதற்குக் காரணமே அந்த ரீலோட்தான். ஆலையின் இன்டர்நெட் டொங்கிளில் ஓடுவது. பகலில் வேகம் குறைந்தால் பக்கம் திரும்ப ஏறி வருவதற்குள் கணக்கப்பிள்ளை ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடுவார். அந்த வரியை எடுத்தேன். வீட்டில் எல்லாப் பக்கத்தையும் ஓட்டிப் பார்த்தேன். இருந்த டெஸ்ட்கள் அத்தனையும் பச்சையாக ஓடின. சேர்வரில் ஏற்றியதும் ஹாஜியார் போன் எடுத்து, "இப்ப சோக்காப் போகுது" என்றார். கடன் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். அந்த நேரம் மட்டக்களப்பு டவுனில் ஒரு தங்குமிடத்துக்குப் பதிவுச் செயலி செய்யும் வேலையும் கேட்டு வந்திருந்தது. ஒரு கிழமையில் தொடங்குகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளையிடம் இருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. "மிஸ், ஸ்டொக் பிழையாக் காட்டுது." பக்கத்தை ஒருக்கால் ரிஃப்ரெஷ் பண்ணச் சொல்வேன். பண்ணுவார், சரியாகிவிடும். சரி என்று வைப்பேன். அடுத்த நாளும் அதே. பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கும் காலம் அது. கல்லோயாத் தண்ணீர் பாயும் வயல்களில் இருந்து நெல் வந்து குவிய, ஆலை இரவு பகலாக ஓடும். அந்த நேரத்தில் ஒரு நாள், திரையில் 25 கிலோ சம்பா மூடைகள் தாராளமாக இருப்பதாகக் காட்ட, கணக்கப்பிள்ளை கொழும்பு வியாபாரி ஒருவருக்கு ஓடர் எடுத்துவிட்டார். அந்த மூடைகளில் பெரும்பகுதி அன்று காலையிலேயே கண்டி லொறியில் ஏறிப் போய்விட்டது. களஞ்சியப் பக்கத்தில் அதைப் பதிந்தவரும் அவரேதான். அதே கொம்பியூட்டர், அதே பிரவுசர், அதே டேப். இரவு கொழும்பு லொறி வந்து நின்றபோது களஞ்சியத்தில் பாதிக்குத்தான் மூடை இருந்தது. ஹாஜியார் பக்கத்து ஆலையில் விலை கூடக் கொடுத்து வாங்கி, லொறியை மறித்து வைத்ததற்கும் காசு கொடுத்து அனுப்பினார். அடுத்த நாள் காலை என்னிடம் சத்தம் போடவில்லை. "நீங்க கை வெச்ச பொறகுதானே தங்கச்சி இப்பிடி ஆகுது" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் எடுத்த வரிக்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கியது. ரீலோட்டைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்றும் தெரிந்தது. ஆனால் ஏன் என்று விளங்காமல் போட எனக்கு மனம் வரவில்லை. போட்டால் பேசிய வேகமும் இல்லை. பிரவுசர் கேஷ் (பிரவுசர் சேமித்து வைக்கும் பழைய பிரதி) என்று நினைத்து அதைத் தோண்டினேன். பிரவுசரின் பின்னணியில் ஓடும் சேர்விஸ் வேர்க்கர் ஏதாவது பழைய தரவைக் கொடுக்கிறதா என்று பார்த்தேன். அந்தச் செயலியில் சேர்விஸ் வேர்க்கரே இல்லை. டேட்டாபேஸில் பதிவு சுணங்கி விழுகிறதா என்று பார்த்தேன். பதிந்த அந்த விநாடியே சரியாக விழுந்திருந்தது. டொங்கிளைச் சந்தேகப்பட்டு, வேறு சிம் போட்டுப் பார்க்கச் சொல்லி ஆலைப் பெடியன் ஒருவனை அலைய விட்டேன். இரவு கரண்ட் போனால் மடிக்கணினியின் பெட்டரி முடியும் மட்டும் இருப்பேன். அம்மா எழும்பி வந்து, "என்ன மனே, இன்னும் படுக்கல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போவா. கொழும்பில் இருந்தபோது பக்கத்து மேசையில் திரும்பி "இதை ஒருக்கால் பாரேன்" என்று சொல்லலாம். இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை. இந்தத் தொழிலுக்கே நான் லாயக்கில்லையோ என்ற நினைப்பு வந்ததும் அந்த நாட்களில்தான். தங்குமிடக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறொருவரிடம் போய்விட்டார்.

கடைசியில் பஸ் ஏறிக் காரைதீவுச் சந்தியில் இறங்கி, மாறி, ஆலைக்கே போய்க் கணக்கப்பிள்ளையின் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். இதை முதலிலேயே செய்யுங்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் உங்களுக்குச் சொல்கிறேன். பாவிக்கிறவர் எப்படிப் பாவிக்கிறார் என்று பார்க்காமல் போனில் பிழை திருத்த முடியாது. அவர் காலையில் செயலியைத் திறந்தால் ஆலை மூடும் வரை அந்த டேபை மூடுவதே இல்லை. களஞ்சியப் பக்கத்தில் லொறி வெளியே போவதைப் பதிவார், மேலே உள்ள மெனுவில் விற்பனையை அழுத்துவார், ஓடர் எடுப்பார், திரும்பக் களஞ்சியத்துக்கு வருவார். என் கண் முன்னாலேயே களஞ்சியப் பக்கத்தில் ஒரு எண், விற்பனைப் பக்கத்தில் வேறு எண். இரண்டு பக்கமும் கேட்பது இருப்புக் கணக்கை வைத்திருக்கும் ஸ்டொக்சேர்விஸ் என்ற ஒரே வகுப்பை (கிளாஸை). பல பக்கங்களுக்கும் பொதுவாக வேலை செய்யும் இப்படியான வகுப்பைத்தான் ஆங்குலரில் சேர்விஸ் என்பார்கள். ஒரே வகுப்பு இரண்டு பதில் சொல்கிறது என்றால், உள்ளே இருப்பது இரண்டு ஆட்களா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. அந்த வகுப்பின் பிரதி பிறக்கும்போது ஓடும் பகுதியான கொன்ஸ்ட்ரக்டருக்குள், ஒரு ரெண்டம் எண்ணை எடுத்துப் பிரவுசரின் கொன்சோலில் எழுதும்படி ஒரு வரி போட்டேன். செயலி திறந்ததும் ஒரு எண் விழுந்தது. விற்பனைப் பக்கத்தை முதல்முறை அழுத்தியதும் இன்னொரு எண் விழுந்தது. அவ்வளவுதான். இத்தனை நாள் தேடியது அந்த ஒரு வரியில் வந்து நின்றது.

சேர்விஸ் ஒன்று சந்தேகமாக இருந்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். பிறப்புப் பதிவு மாதிரி கொன்ஸ்ட்ரக்டரில் ஒரு எண். எத்தனை தடவை விழுகிறதோ அத்தனை பிரதி உயிரோடு இருந்திருக்கிறது. ஆங்குலர் 17-ஆம் பதிப்பில் இருந்து ஆங்குலர் டெவ்டூல்ஸ் என்ற பிரவுசர் கருவியில், சேர்விஸ்களை உருவாக்கிக் கொடுக்கும் இன்ஜெக்டர்களின் மரத்தையே படமாகப் பார்க்கலாம், எந்தக் கிளையில் எந்தப் புரொவைடர் (ஒரு சேர்விஸை எப்படி உருவாக்குவது என்ற பதிவு) தொங்குகிறது என்று அது காட்டும். பழைய பதிப்புகளுக்கு இந்தக் கையால் செய்யும் வழிதான்.

இனி அது ஏன் நடந்தது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அதைத்தான் பாடங்கள் ஒரு வசனத்தில் தாண்டிப் போகின்றன. டிபெண்டென்சி இன்ஜெக்ஷனில் ஒரு வகுப்பு தனக்குத் தேவையானதைத் தானே நியூ போட்டு உருவாக்கிக்கொள்வதில்லை. எனக்கு ஸ்டொக்சேர்விஸ் வேண்டும் என்று கொன்ஸ்ட்ரக்டரில் கேட்கிறது. இன்ஜெக்டர் கொண்டுவந்து கொடுக்கிறது. அது யாரைக் கொடுக்கும்? தன்னிடம் பதிவான புரொவைடரைப் பார்க்கும். ஏற்கெனவே ஒன்றை உருவாக்கி வைத்திருந்தால் அதையே கொடுக்கும். இல்லையென்றால் உருவாக்கி, வைத்துக்கொண்டு, கொடுக்கும். தன்னிடம் புரொவைடரே இல்லையென்றால் தனக்கு மேலே உள்ள இன்ஜெக்டரிடம் கேட்கும். இப்படி மேலே மேலே போய், உச்சியிலும் இல்லாவிட்டால்தான் நல்இன்ஜெக்டர்எரர் என்று சிவப்பில் கத்தும். நாங்கள் பாடங்களில் படித்தது "ஆங்குலரில் சேர்விஸ் என்றால் சிங்கிள்டன், செயலி முழுவதுக்கும் ஒன்றுதான்" என்று. அது பாதி உண்மை. ஒரு இன்ஜெக்டருக்கு ஒன்று என்பதே முழு உண்மை. செயலியில் எத்தனை இன்ஜெக்டர் இருக்கிறது, அதில் எத்தனையிடம் அந்தப் புரொவைடர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை பிரதி என்பது.

செயலியின் பகுதிகளை மொடியூல்களாகப் பிரித்து வைப்பார்கள். தொடக்கத்திலேயே ஏறும் மொடியூல்கள் எல்லாவற்றின் புரொவைடர்களும் ஒன்றாகக் கலந்து, உச்சியில் உள்ள ரூட் இன்ஜெக்டருக்குள் போய்விடும். பத்து மொடியூலில் ஒரே சேர்விஸைப் போட்டிருந்தாலும் அங்கே ஒன்றுதான். லேசி லோடிங்கில் பின்னால் இறங்கும் மொடியூல் அப்படி இல்லை. அது வரும்போது ரூட் இன்ஜெக்டர் கட்டி முடிந்திருக்கும். அதனால் அந்த மொடியூலுக்கு ரூட்டின் கீழே தனியாக ஒரு பிள்ளை இன்ஜெக்டர் கிடைக்கும். அந்த மொடியூல் இம்போர்ட் பண்ணும் மொடியூல்களில் உள்ள புரொவைடர்களும் சேர்ந்து அந்தப் பிள்ளையிடம் பதியப்படும். எங்கள் ஆலைச் செயலியில் ஷெயார்ட்மொடியூல் என்று ஒன்று. அதற்குள் பட்டன்கள், அட்டவணைகள், தேதி காட்டும் பைப்கள், அவற்றோடு புரொவைடர்ஸ் வரியில் ஸ்டொக்சேர்விஸ். அதை முதன்மை மொடியூலும் இம்போர்ட் பண்ணியிருந்தது, விற்பனை மொடியூலும் பட்டன்களுக்காக இம்போர்ட் பண்ணியிருந்தது. பட்டனோடு சேர்ந்து இரண்டாவது ஸ்டொக்சேர்விஸும் வந்துவிட்டது. விற்பனைப் பக்கத்தை விட்டு வெளியே வந்தாலும் அந்தப் பிரதி சாவதில்லை. டேப் திறந்திருக்கும் வரை, முதல்முறை சேர்வரில் இருந்து எடுத்த இருப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கும். தான் விற்றதை மட்டும் கழித்துக்கொள்ளும். களஞ்சியப் பக்கத்தில் கழித்தது அதற்குத் தெரியவே தெரியாது. முன்பு ஒவ்வொரு சேமிப்புக்கும் முழுப் பக்கமும் ரீலோட் ஆனதால் இரண்டு பிரதியும் செத்து, புதிதாகப் பிறந்து, ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தன.

அறிக்கைப் பக்கத்தில் டோக்கனைக் கையால் ஒட்டிய மர்மமும் இதோடு தீர்ந்தது. அறிக்கை மொடியூலுக்குள் எச்டிடிபி கிளையன்ட் மொடியூலைத் திரும்ப ஒருதரம் இம்போர்ட் பண்ணியிருந்தார்கள். அதனால் அந்தப் பிள்ளை இன்ஜெக்டருக்குள் புதிதாக ஒரு எச்டிடிபி கிளையன்ட், இன்டர்செப்டர்களுக்குப் புதிதாக ஒரு பட்டியல். ரூட்டில் பதிந்த டோக்கன் இன்டர்செப்டர் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதி இல்லை என்ற 401 எரர் வந்திருக்கும், காரணம் பிடிபட்டிருக்காது, கையால் ஒட்டியிருப்பார்கள். அந்த இம்போர்ட் வரியை அழித்ததும் கையால் ஒட்டியது அத்தனையும் தேவையில்லாமல் போனது. எச்டிடிபி கிளையன்ட் மொடியூலை ரூட்டில் ஒரே ஒரு தடவைதான் இம்போர்ட் பண்ண வேண்டும் என்பது எழுதப்பட்ட விஷயம்தான். மீறினால் ஆங்குலர் ஒரு வார்த்தை எச்சரிப்பதில்லை என்பதுதான் கொடுமை.

இப்படி இரட்டைப் பதிவுகள் எப்படி உருவாகின்றன என்று யோசித்தால், பெரும்பாலும் அந்தச் சிவப்பு நல்இன்ஜெக்டர்எரரை அடக்கப்போய்த்தான். புரொவைடர் இல்லை என்று கத்துகிறது, கைக்குக் கிட்டே உள்ள மொடியூலின் புரொவைடர்ஸ் வரியில் பெயரைப் போடுகிறோம், சத்தம் நின்றுவிடுகிறது. ஆங்குலருக்கு முன் இருந்த பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸிலும் இன்ஜெக்ஷனில் ஒரு பெரிய பொறி இருந்தது. அது பராமீற்றரின் பெயரைப் பார்த்துத்தான் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யும். தயாரிப்புக்காகக் கோடைச் சுருக்கினால் பெயர்கள் ஓரெழுத்தாகிவிடும், அதோடு முழுச் செயலியும் விழுந்துவிடும். பெயர்களை எழுத்துச் சரமாக ஒரு அரேயில் தனியாக எழுதிக்கொடுத்துத் தப்ப வேண்டும். ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது, ஆனாலும் அந்தப் பொறியில் ஒரு நேர்மை இருந்தது. உடைந்தால் உடைந்தது என்று காட்டிவிடும். 2016-இல் வந்த புதிய ஆங்குலர் டைப்ஸ்கிரிப்ட் வகுப்பையே அடையாளமாக எடுத்துக்கொள்வதால் அந்தத் தொல்லை போய்விட்டது. அதற்குப் பதிலாக இந்த மரமும் கிளையும் வந்தன, இங்கே பிழை சத்தமில்லாமல் வரும்.

என் டெஸ்ட்கள் ஏன் பிடிக்கவில்லை என்றும் கேட்டுக்கொண்டேன். ஆங்குலரின் சோதனைக் கருவியான டெஸ்ட்பெட் ஒவ்வொரு டெஸ்டுக்கும் தேவையானதை எல்லாம் ஒரே மட்டத்தில் பதிந்து ஓட்டுகிறது. விற்பனைக்குத் தனிக் கிளை, களஞ்சியத்துக்குத் தனிக் கிளை என்று அங்கே எதுவும் இல்லை, அதனால் பிரதியும் ஒன்றுதான். வீட்டில் ஓட்டியபோது தெரியாததற்குக் காரணம் இன்னும் எளிது. கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் டெவலப்மென்ட் சேர்வர் பக்கத்தை ரீலோட் பண்ணிவிடும். முன்னைய ஆள் கோடில் எழுதி வைத்த அதே ரீலோட்டை எனக்கு அந்தக் கருவி இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. ஆகவே ஒப்படைக்கும் முன் சேர்வரில் ஏற்றப்போகும் தயாரிப்புப் பில்டை எடுத்து, ஒரு தடவை திறந்து, ரீலோட் பண்ணாமல், ஒரு வேலைநாளில் பாவிக்கிற மாதிரிப் பக்கம் பக்கமாக மாறி மாறிப் பதிந்து பாருங்கள்.

திருத்தம் சின்னது. ஷெயார்ட்மொடியூலில் இருந்து புரொவைடர்ஸ் வரியை முழுதாக எடுத்தேன். ஸ்டொக்சேர்விஸின் தலையில் உள்ள இன்ஜெக்டபிள் அலங்காரத்தில் (டெக்கரேட்டரில்) புரொவைடட்இன் ரூட் என்று எழுதினேன். 2018-இல் ஆங்குலர் 6 வந்ததில் இருந்து இந்த வசதி இருக்கிறது. கேட்கிறவர் எந்தக் கிளையில் இருந்து கேட்டாலும் ரூட்டில் உள்ள ஒன்றே கிடைக்கும், யாரும் பாவிக்காவிட்டால் பில்டில் இருந்தும் கழிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: புரொவைடட்இன் ரூட் எழுதிவிட்டு, எங்காவது ஒரு லேசி மொடியூலின் புரொவைடர்ஸ் வரியில் பழைய பெயரை விட்டுவைத்தால், அந்தக் கிளையில் பழையபடி இரண்டாவது பிரதி பிறக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ரூட்டுக்குத் தூக்கிப் போடவும் கூடாது. அதே செயலியில் எழுதிக்கொண்டிருக்கும் பில்லை வைத்திருக்கும் ஒரு சேர்விஸை, திரையில் பில்லைக் காட்டும் துண்டான பில் கொம்பொனன்டின் புரொவைடர்ஸ் வரியில் போட்டிருந்தார்கள். அது வேண்டுமென்றே செய்தது, நல்ல வேலை. திரையில் இரண்டு பில் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பிரதி. பில் மூடும்போது அந்தப் பிரதியும் அழியும், அழியும்போது ஓட வேண்டிய அதன் என்ஜிஒன்டிஸ்ட்ரோயும் ஓடும். அதை ரூட்டுக்கு நகர்த்தியிருந்தால் அக்கரைப்பற்றுக் கடைக்காரரின் மூடைகள் கல்முனைக் கடைக்காரரின் பில்லில் போய் நின்றிருக்கும். ஒரு சேர்விஸைப் பார்த்தால் நான் இப்போது கேட்பது இதைத்தான்: இது யாருடைய உண்மை? ஆலை முழுவதுக்கும் உரியது என்றால் ரூட். ஒரு திரைத் துண்டுக்கு மட்டும் உரியது என்றால் அந்தக் கொம்பொனன்ட்.

சத்தமில்லாத இந்தப் பிழையைச் சத்தம் போட வைக்க ஒரு வழி உண்டு. ஒன்றுதான் இருக்க வேண்டும் என்ற சேர்விஸின் கொன்ஸ்ட்ரக்டரில் அதே வகுப்பை ஒப்ஷனல், ஸ்கிப்செல்ஃப் என்ற இரண்டு அலங்காரத்தோடு கேளுங்கள். ஸ்கிப்செல்ஃப் என்றால் என்னை விட்டுவிட்டு எனக்கு மேலே தேடு. ஒப்ஷனல் என்றால் இல்லாவிட்டால் வெறுமை போதும். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் நாம் இரண்டாவது என்று அர்த்தம், உடனே எரர் எறியுங்கள். ரூட்டில் மட்டும் ஏற வேண்டிய மொடியூலை இரண்டு தடவை ஏற்றாமல் தடுக்க இதே உத்தியைப் பலர் பாவிக்கிறார்கள், சேர்விஸுக்கும் அப்படியே பொருந்தும். பழைய பெயருக்குப் புதிய சேர்விஸைக் கொடுக்கும்போதும் கவனம். யூஸ்கிளாஸ் என்று எழுதினால் அந்தப் பெயருக்குத் தனியாக ஒரு பிரதி உருவாகும். ஏற்கெனவே இருப்பதையே காட்ட வேண்டும் என்றால் யூஸ்எக்ஸிஸ்டிங். மொடியூலே இல்லாத புதிய ஸ்டாண்ட்அலோன் முறையில் எழுதுகிறவர்களும் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ரவுட்டில் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் வரியில்) புரொவைடர்ஸ் எழுதினால் அங்கும் ஒரு பிள்ளை இன்ஜெக்டர் பிறக்கும்.

ஹாஜியாருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், "களஞ்சியத்தில ஒரு கொப்பி, விற்பனை மேசையில ஒரு கொப்பி, ரெண்டும் ஒண்டையொண்டு பார்க்கிறதில்ல" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மூடை இல்லாம ஓடர் எழுதினா சேர்வர் ஏன் சும்மா எடுத்திச்சு?" என்று கேட்டார். சரியான கேள்வி. முன்னையவர்கள் இருப்புச் சரிபார்ப்பை முழுவதும் பிரவுசரிலேயே வைத்திருந்தார்கள்; சேர்வர் வந்ததை எல்லாம் ஏற்றுக்கொண்டது. அங்கே ஒரு சரிபார்ப்பு இருந்திருந்தால், எத்தனை பிரதி இருந்தாலும் அந்த ஓடர் விழுந்திருக்காது. அதையும் எழுதிக் கொடுத்தேன், காசு கேட்கவில்லை. மிச்சக் கூலியில் பக்கத்து ஆலைக்குக் கொடுத்த மேலதிக விலையையும் லொறிக் காசையும் கழித்துக்கொண்டார். கையில் வந்தது பஸ்ஸுக்கும் டேட்டாவுக்கும் போனதைச் சரிக்கட்டும் அளவுதான். முன்னைய நிறுவனம் விட்டுப்போன பிழைக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கலாம். பேசும்போது எழுத்தில் எதுவும் இல்லை, கேட்க வாய் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அதனால் இப்போது வேறொருவரின் ஆங்குலர் செயலி வந்தால், விலை சொல்லும் முன் கோடை வாங்கி இரண்டு தேடல் போடுகிறேன். முதலாவது, புரொவைடர்ஸ் என்ற சொல் வரும் ஒவ்வொரு இடமும். எந்தச் சேர்விஸ் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பதிவாகியிருக்கிறது, அந்த இடங்களில் எது லேசியாக இறங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பேன். இரண்டாவது, காரணமில்லாத ரீலோட்கள், வேண்டுமென்றே சுணக்கும் செட்டைம்அவுட்கள், கையால் ஒட்டிய டோக்கன்கள். அந்தப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு தொகை கேட்கிறேன். முன்பே இருந்த பிழையால் வரும் நட்டத்துக்கு நான் பொறுப்பில்லை என்று இரண்டு வசனம் எழுதிக் கையெழுத்தும் வாங்குகிறேன். சிலர் அதைப் பார்த்ததும் போய்விடுகிறார்கள். ஹாஜியார் போகவில்லை, தவிடு விற்பனைக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று போன கிழமை கேட்டார், அந்தத் தாளில் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.